பழைய வண்டியிற் புதிய இஞ்சின்

மனிதன் இயற்றும் பொருள்களின் உறுப்புக்கள் யாவும் ஒரே காலத்தில் மூப்படைவன அல்ல. கலப்பையிற் கொழு தேய்ந்த பின்னும் மேழி உறுதியாய் நிற்கும். தறியில் நாடா உடைந்த பின்னும் தறிமரம் அடுத்த தலைமுறைக்கும் உழைக்கும். சரக்கேற்றும் சிறு மோட்டார் வண்டிகளின் நிலையும் இத்தகையதே. இரும்புச் சட்டமும் அச்சுக்களும் நலமாயிருக்க, இஞ்சின் ஒன்றே ஓய்ந்துவிடுதல் உண்டு. அவ்வமயம் வண்டியைப் பழைய இரும்பாக எடைக்குப் போடுவதா, வேறோர் இஞ்சினும் கியர் பெட்டியும் பொருத்தி மீண்டும் ஓட்டுவதா என்னும் வினா எழும். இவ்வினாவுக்கு விடை காண வேண்டுவோர் அறியத்தக்க சில செய்திகளை ஈண்டுத் தொகுத்துரைக்க விழைகின்றோம்.

இஃது எம் பகுதியினர்க்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. கண்ணமங்கலம் ஒருபால் வேலூரையும் ஒருபால் பட்டுநெசவிற் பெயர்பெற்ற ஆரணியையும் சாலையால் இணைப்பது. ஜவ்வாது மலைச்சாரலும் அண்மையில் உளது. நூலும் பாவும் தறிச்சாமான்களும் நெல்லும் விறகும் இவ்வழிகளில் ஏறியிறங்க வேண்டும். ஒரே வண்டியை நம்பி வாழும் குடும்பத்திற்கு, அது பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வரும்படியற்ற நாளே. பொருத்தம் பிழைபடின், செலவிட்ட பணமும் போம். சிற்சில வேளை உயிரும் போம்.

நம் நாட்டில் இம்மாற்றத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜீப் இனத்து வண்டிகளே. அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தார் 1956ஆம் ஆண்டின் இறுதியில் எஃப்.சி. 150 என்னும் சிறு சரக்கு வண்டியை வெளியிட்டனர். ஓட்டுநர் அறை முன்சக்கரங்களுக்கு மேலாக அமைந்து, பின்புறம் முழுதும் சுமைக்கு விடப்பட்ட வண்டி அது. பம்பாயில் 1945இல் தோன்றிய மகீந்திரா நிறுவனத்தார் 1965இல் அதனை நம் நாட்டிற் செய்யத் தொடங்கினர். அதனுள் இருந்தது ‘ஹரிக்கேன்’ என்னும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின்; கொள்ளளவு 134 கன அங்குலம், அதாவது சுமார் 2.2 லிட்டர், ஆற்றல் ஏறத்தாழ 75 குதிரைச் சக்தி. உழைப்பில் உறுதியானதெனினும் பெட்ரோலை மிகுதியாய்ப் பருகுவது. பெட்ரோல் விலை ஏற ஏற, வண்டிக்காரர்கள் டீசலை நாடலாயினர். அந்நிறுவனத்தாரே 1979இல் பிரான்சு தேசத்துப் பியூஜோ நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, எக்ஸ்.டி.பி. 4.90 என்னும் 2,112 கன செண்டிமீட்டர் டீசல் இஞ்சினை இந்நாட்டிற் செய்ய முற்பட்டனர். தொழிற்சாலையில் நிகழ்ந்த இம்மாற்றமே பின்னர் ஊர்தோறும் பட்டறைகளிலும் நிகழ்ந்தது.

இலக்கணம் பயில்வார்க்கு இவ்வேலை எளிதில் விளங்கும். நிலைமொழியும் வருமொழியும் சேர்வதைப் புணர்ச்சி என்கிறோம். வண்டியை நிலைமொழியாகவும் புதிய இஞ்சினை வருமொழியாகவும் கொள்க. அதே வகை இஞ்சின் வந்து பொருந்துவது இயல்புப் புணர்ச்சி. வேறு வகை வந்து பொருந்துவது விகாரப் புணர்ச்சி. விகாரத்திற் கெடுதலும் தோன்றலும் திரிதலும் நிகழுமன்றோ? இங்கும் அவை மூன்றும் நிகழும்.

முதலாவது, கெடுதல். பெட்ரோல் இஞ்சின், காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியை ஏழு மடங்கு அளவிற்கு அழுத்தி, மின்பொறியால் எரிப்பது. டீசல் இஞ்சினோ காற்றை மட்டும் உள்ளிழுத்து, இருபது மடங்கிற்கும் மேலாக அழுத்தி, அவ்வழுத்தத்தாற் பிறந்த வெப்பத்திலே எண்ணெயைப் பீச்சி எரிப்பது. ஆதலின் கார்புரேட்டரும், பொறிதரும் பிளக்குகளும், அவற்றிற்குரிய சுருளும் பங்கீட்டுக் கருவியும் நீங்கும்.

இரண்டாவது, தோன்றல். எண்ணெயை அளந்து செலுத்தும் பம்பு, தூசியும் நீரும் பிரிக்கும் வடிகட்டி, எஞ்சிய எண்ணெயைத் தொட்டிக்கு மீட்டுக் கொணரும் குழாய் ஆகியவை வேண்டும். அழுத்தம் மிகுதியாதலால் இஞ்சினைச் சுழற்றித் தொடங்க வலிய ஸ்டார்ட்டரும் பெரிய பாட்டரியும் வேண்டும். பலரும் மறப்பது ஒன்றுண்டு. பெட்ரோல் இஞ்சினின் உறிஞ்சு குழாயில் வெற்றிடம் உண்டாகும். பழைய ஜீப்புகளின் மழை துடைப்பான் அவ்வெற்றிடத்தாலேயே இயங்கிற்று. டீசல் இஞ்சினில் அவ்வெற்றிடம் கிட்டாது. எனவே துடைப்பானுக்கு மின்மோட்டாரும், வெற்றிடத் துணையுள்ள பிரேக்காயின் அதற்குத் தனி வெற்றிடப் பம்பும் அமைத்தல் கட்டாயம். இதனை மறந்தவன் மழைநாளில் மலைப்பாதையிற் படும் துன்பம் சொல்லுந்தரமன்று.

மூன்றாவது, திரிதல். இதுவே அருமையான பகுதி. இஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே நிறுவனத்தாரின் இணையாக வந்தால் தொல்லை குறையும். அன்றேல், இரண்டற்கும் இடையே துளைகள் பொருந்துமாறு கடைந்த இணைப்புத் தகடு வேண்டும். கிளட்சுத் தட்டின் உட்பற்கள் கியர் பெட்டியின் தண்டிற்குச் சரியாயிருத்தல் வேண்டும். அத்தண்டின் முனை, கிராங்கின் நடுவிலுள்ள சிறு தாங்கியில் தளர்வின்றியும் இறுக்கமின்றியும் அமர்தல் வேண்டும். யாவற்றினும் முக்கியமானது, இரண்டின் நடுக்கோடும் ஒன்றாதல். இதனைக் கண்ணால் மதிப்பிடலாகாது. கிராங்கின் மேல் டயல் கேஜ் பொருத்தி, மெல்லச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கு விலகினும் தாங்கிகள் விரைவிற் கெடும். கியர் தானே கழன்று விழும். பழைய பாவின் முடிவிலே புதிய பாவை இழையோடு இழையாகப் பிணைக்கும் நெசவாளர்க்கு இந்நுட்பத்தின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கியர் பெட்டியின் நீளம் மாறின், அதன்பின் வருவன யாவும் மாறும். பழைய ஜீப்பில் மூன்று வேகப் பெட்டி. பிற்கால வண்டிகளில் நான்கு வேகப் பெட்டி. நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டியில், சக்தியை முன்னும் பின்னும் பகிரும் பெட்டி கியர் பெட்டியின் பின்னே தொடுக்கப்பட்டுள்ளது. ஆகவே கியர் பெட்டி இரண்டங்குலம் நீண்டால், பின் தண்டு இரண்டங்குலம் குறைய வேண்டும். முன் தண்டு அவ்வளவு நீள வேண்டும். தண்டின் இருமுனை மூட்டுகளும் ஒத்த கோணத்தில் நில்லாவிடின் வண்டி நடுங்கும். தண்டை வெட்டி ஒட்டிய பின் சமநிலை பார்த்தலும் இன்றியமையாதது.

வேகக் கணக்கையும் முன்னரே போட்டுப் பார்த்தல் நலம். சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 28 அங்குலமாயின், ஒரு சுற்றில் வண்டி 2.23 மீட்டர் செல்லும். அச்சின் பல் விகிதம் 5.38 ஆயின், நேர் கியரில் இஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது வேகம் மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டர். 2,000 முறை சுழலும்போது சுமார் 50. டிராக்டர் இனத்து இஞ்சின்கள் மெல்லச் சுழல்வன. அத்தகையதை இவ்வச்சோடு சேர்த்தால் வண்டி சுமை இழுக்கும். நெடுஞ்சாலையில் ஊர்ந்தே செல்லும். விகிதம் 4.88 ஆனால் அதே 2,000 சுழற்சியில் வேகம் சுமார் 55 ஆகும். மேலும், எக்ஸ்.டி.பி. இஞ்சினின் ஆற்றல் சுமார் 60 குதிரைச் சக்தியே. டீசலுக்கு மாறினால் வலிமை பெருகும் என்று எண்ணுவது பொதுவான மயக்கம், பெருகுவது சிக்கனமே.

எடை மிகுந்த இஞ்சினாயின் முன் வில்களையும் பிரேக்குகளையும் அதற்கேற்ப வலுப்படுத்துக. ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் போதிய இடைவெளி விடுக. தொட்டியிற் பெட்ரோல் எஞ்சாமற் கழுவுக. முதன்முதல் ஓட்டுமுன் எண்ணெய்க் குழாய்களிற் புகுந்த காற்றை வெளியேற்றுக. டீசல் இஞ்சின் கட்டுக்கடங்காது விரைந்தால் சாவியைத் திருப்புவதால் மட்டும் நின்றுவிடும் என்று நம்பலாகாது. காற்று வழியை அடைக்க ஒரு தட்டையான பலகையைக் கையருகே வைத்திருத்தல் அறிவுடைமை.

இனிச் சட்டம். தொழில்நுட்பம் இடங்கொடுப்பதையெல்லாம் சட்டம் இடங்கொடுப்பதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலிற் குறித்த விவரங்களினின்றும் பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பில் இதனை வலியுறுத்திற்று. இஞ்சின் மாற்றப்பட்டதாயின் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவித்து, பதிவுச் சான்றையும் கட்டணத்தையும் செலுத்துதல் வேண்டும். ஆதலின் அதே வகை இஞ்சினைத் தேடிப் பொருத்துவதே பெரும்பாலார்க்குத் தக்க வழி. வேறு வகையை விரும்புவோர், பட்டறைக்குச் செல்லுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குச் சென்று எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். சான்றிலுள்ள எண் ஒன்றும் இஞ்சினிலுள்ள எண் மற்றொன்றுமாயின், விபத்து நேர்ந்த நாளிற் காப்புறுதி கைகொடாது போகலாம். உழைத்துச் சேர்த்த பொருளனைத்தும் அவ்வொரு நாளில் அழிந்துபோகக் கூடும்.

ஆகவே, சட்டம் துருவேறாதிருக்கிறதா, உதிரிப் பொருள்கள் கிடைக்குமா, மாற்றுச் செலவு வண்டியின் விலையை மிஞ்சாதா, பதிவு கிட்டுமா என நான்கையும் ஆராய்ந்து, நான்கிற்கும் நல்விடை கிடைப்பின் துணிக. ஒன்றிற்கேனும் விடை ஐயமாயின், பழைய வண்டியின் மீதுள்ள பற்றை விடுத்து அதனை எடைக்குப் போட்டுவிடுதலே குடும்பத்திற்கு நன்மை. எப்பொருத்தத்திற்கும் முதற்கருவி அளவுகோல். ஸ்பானர் அதற்கு அடுத்ததே.