வால்நட் தோப்பில் எழுந்த முட்காடு

ரூத் பான்கிராஃப்ட் தன் முள் தோட்டத்தைத் தொடங்கியபோது அறுபது வயதைத் தாண்டியிருந்தார். அகேவ், யக்கா, கள்ளி என்று அவர் நட்டவை எல்லாமே நிதானமாக வளர்பவை. முழு உருவத்துக்கு வரப் பத்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்பவை. வளர்ந்த செடிகளை விலைக்கு வாங்கி வைத்திருக்கலாம். அவரோ பெரும்பாலும் சின்னத் தொட்டிகளில் இருந்த கன்றுகளைத்தான் நட்டார். 2017-இல் 109 வயதில் அவர் மறைந்தபோது, அந்தக் கன்றுகளில் பல ஆள் உயரத்தைத் தாண்டி நின்றன.

கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே உள்ளது வால்நட் கிரீக். வரலாற்றாசிரியர் ஹியூபர்ட் ஹவ் பான்கிராஃப்ட் அங்கே பெரிய பண்ணை வைத்திருந்தார். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பான்கிராஃப்ட் நூலகம் அவர் சேர்த்த நூல்களில் பிறந்ததுதான். அவருடைய பேரன் பிலிப்பை மணந்து அந்தப் பண்ணைக்கு வந்தவர் ரூத். பேரிக்காயும் வால்நட்டும் விளைந்த நிலத்தை நகரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. 1971-இல் கடைசி வால்நட் தோப்பும் வெட்டப்பட்டது. 1950-களிலிருந்தே தொட்டி தொட்டியாகச் சதைப்பற்றுச் செடிகளைச் சேர்த்து வந்த ரூத்துக்கு அந்த மூன்று ஏக்கர் வெற்றிடம் வாய்த்தது.

பாதைகளையும் பாத்திகளையும் வகுத்துக் கொடுத்தவர் லெஸ்டர் ஹாக்கின்ஸ் என்ற நாற்றங்கால்காரர். செடிகளைச் சமதரையில் நடாமல், மண்ணை மேடுகளாகக் குவித்து அவற்றின் மேல் நட்டார்கள். வறள் தோட்டத்தில் அரைப்பங்கு வேலை இந்த மேடுதான் என்பேன். முள் செடி தண்ணீர் இல்லாமல் சாவது அபூர்வம். வேரடியில் தண்ணீர் தேங்கினால்தான் அழுகிச் சாகிறது. மெக்சிகோவின் பல கள்ளிகளுக்குச் சொந்த ஊரில் மழை கோடையில் வரும். வால்நட் கிரீக்கில் மழை குளிர்காலத்தில் பெய்யும். செடி உறங்கும் பருவத்தில், குளிர்ந்த ஈரத்தில் வேர் ஊறிக் கிடப்பதைவிடப் பெரிய ஆபத்து அதற்குக் கிடையாது.

ஆனால் முதல் ஆண்டிலேயே வந்த ஆபத்து வேறு: உறைபனி. 1972 டிசம்பரில் அடித்த கடும் குளிரில், புதிதாக நட்டவற்றில் பெரும்பாலானவை மாண்டன. ரூத் மறுபடி முதலிலிருந்து நட்டார். எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று குறித்து வைத்தார். குளிர் தாங்காத செடிகளுக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் மரச்சட்டம் நிறுத்தி பிளாஸ்டிக் தாள் போர்த்தும் வழக்கம் வந்தது. எந்தச் செடி எவ்வளவு குளிர் தாங்கும் என்பதற்கு அந்தத் தோட்டமே பிறகு சாட்சியாகிவிட்டது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் ஓர் அகேவ் செடியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நடுக் குருத்தில் மடல்கள் ஒன்றையொன்று இறுகத் தழுவி, ஒற்றைக் கூம்பாக நிற்கும். விரியும்போது ஒரு மடலின் விளிம்பு முட்கள் பக்கத்து மடலின் மேல் அழுந்திய தடம் அப்படியே தங்கிவிடும். சாம்பல் பூத்த நீல மடலில், வரிசையாக அந்தப் பல் தடங்கள். மடல் உள்ளவரை அவை அழிவதில்லை. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால் மடலுக்கு மடல் கோலம் தெரியும்.

நடும்போது நாம் பார்க்க வேண்டியது இன்றைய கன்றை அல்ல, அதன் முழு உருவத்தை. அகேவ் இனமான ஆனைக் கற்றாழை இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டருக்கு மேல் அகலமும் விரியும். அதைப் பாதையோரம் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டு, பிறகு ஆளைக் குத்துகிறது என்று மடலை வெட்டி மொட்டையாக்குகிறார்கள். அந்த அலங்கோலத்தைப் பார்க்கச் சகிக்காது. தவறு செடியுடையதும் அல்ல. பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிவிடலாம். சப்பாத்திக் கள்ளியின் மயிர் போன்ற நுண்முட்கள்தான் கொடியவை. கையுறைத் துணிக்குள்ளும் ஏறிவிடும். அதற்கு நீண்ட இடுக்கி வேண்டும். அகேவ் மடலின் சாறு தோலில் பட்டால் அரித்துத் தடிக்கும். களை எடுப்பதும் செடி பெரிதாகுமுன் ஒழுங்காக நடக்க வேண்டும். பிறகு உள்ளே கை போகாது.

வறட்சி தாங்கும் என்பதற்காக நட்ட அன்றே கைவிடக் கூடாது. வேர் பிடிக்கும் வரை தண்ணீர் கொடுக்கத்தான் வேண்டும். பிறகு அது தன்னைப் பார்த்துக்கொள்ளும்: பகலில் இலைத்துளைகளை மூடி வைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும். ஈரம் வீணாவதில்லை.

ஆனைக் கற்றாழையும் சப்பாத்திக் கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் வேலியோரங்களுக்கு வந்தவை. சதுரக் கள்ளி நம் மண்ணுக்கே உரியது. நம் வீடுகளில் இவற்றைத் தோட்டச் செடியாக மதித்து இடம் ஒதுக்குபவர்கள் குறைவு. வேனிலில் லாரித் தண்ணீர் வாங்கிப் புல்தரையை நனைக்கும் ஊர்களில் இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. வடகிழக்குப் பருவமழையில் கரிசல் மண் சேறாகும் இடங்களிலும் மேடு போட்டு, சரளை கலந்தால் இவை நன்றாக நிற்கும்.

1988-இல் ஃபிராங்க் காபட் என்ற தோட்ட ஆர்வலர் ரூத்தின் தோட்டத்துக்கு வந்தார். ரூத்துக்குப் பிறகு இது என்னவாகும் என்ற கேள்வி அவரை உறுத்தியது. தனியார் வளர்த்த அரிய தோட்டங்களைக் காப்பதற்காக மறு ஆண்டே அவர் நிறுவிய அமைப்பு, முதலில் கையிலெடுத்தது இதைத்தான். 1990-களின் தொடக்கத்தில் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது.

காப்பது என்றால் அப்படியே உறைய வைப்பதல்ல. அகேவ் இனங்களில் பெரும்பாலானவை வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூக்கும். பல ஆண்டுகள் சேர்த்த சத்தையெல்லாம் கொட்டி, வீட்டுக் கூரையைத் தாண்டும் பூந்தண்டு ஒன்றை எழுப்பிவிட்டுச் செடி காய்ந்துபோகும். அந்தப் பெரிய சடலத்தை மடல் மடலாக அறுத்து அகற்றி, குழியைக் கிளறி மண் மாற்ற வேண்டும். பல இனங்கள் அடியில் பக்கக் கன்றுகளை விட்டுச் செல்லும். அவற்றில் திடமான ஒன்றைத் தேர்ந்து, வெட்டிய காயம் ஆறும்வரை நிழலில் உலர்த்தி, அதே மேட்டில் நடுகிறார்கள்.