பருவகாலத் தொழிலாளருக்கு ஏன் இ.எஸ்.ஐ. இல்லை?

கீழக்குயில்குடி போன்ற மதுரைப் புறக்கிராமங்களின் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஜின்னிங் ஆலையும் கடலை உடைப்பும் கரும்பாலையும் சில மாதப் பிழைப்பு. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இவற்றைப் ‘பருவகாலத் தொழிற்சாலை’ என வகைப்படுத்தி விலக்கியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அவ்விலக்கை நீக்கவில்லை. விரலைத் துண்டிக்கும் இயந்திரமோ பருவம் பார்ப்பதில்லை.

மாற்றாகக் காட்டப்படும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம். விபத்தில் இறந்தால் 2 இலட்சம் ரூபாய். மருத்துவச் செலவும் இழந்த கூலியும் அதில் கிடையா.

நாம் வலியுறுத்துவது வேறு. பணியிடக் காயத்துக்கு இழப்பீடு தருவது முதலாளியின் கடமை. ஒப்பந்தக்காரர் அழைத்துவந்த தொழிலாளருக்கும் ஆலை உரிமையாளரே பொறுப்பு என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டம் முதலே உள்ள விதி. முன்பணச் சீட்டு, கூலிக் குறிப்பு, மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ‘இவர் எம்மிடம் வேலை செய்யவே இல்லை’ என்பதுதான் பெரும்பாலும் உரிமையாளரின் முதல் மறுமொழி.