உடையாமல் எடுக்க வேண்டிய கட்டி

செஞ்சியின் ராஜகிரிக் கோட்டைப் படியில் மூச்சு வாங்கினால் வயசாகிவிட்டது என்போம். ரத்தம் குறைவு என்று தெரிந்தால் இரும்புச்சத்து மாத்திரை. இரைப்பைக்குள் ஒரு கட்டி மெல்லக் கசிந்து மலத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருப்பது அப்போது யாருக்கும் தோன்றாது. அப்படி எண்டோஸ்கோப்பி வரை போய், செஞ்சியிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குப் பஸ் ஏறுகிறவரின் பயாப்சியில் 'ஜிஸ்ட்' (இரைப்பை, குடல் சுவரில் வளரும் ஒருவகைக் கட்டி) என்று வந்தால், பயப்படுவதற்கு முன் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

வழக்கமான இரைப்பைப் புற்று உட்படலத்தில் தொடங்கும். நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும். அதனால் இரைப்பையில் பெரும்பகுதி போய்விடும், சிலருக்கு முழுவதுமே. ஜிஸ்ட் பிறப்பது சுவரின் தசைக்குள், இரைப்பையின் அசைவுக்குத் தாளம் போடும் கஹால் செல்களின் வழியில். முடிச்சுகளை அநேகமாகத் தொடாது. கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு வெட்டித் தைத்துவிட்டால் பலருக்குப் போதும்.

ஆனால் கட்டி உடையக் கூடாது. கனிந்த தக்காளி போல மெல்லிய உறை. கிழிந்தால் செல்கள் வயிற்றறையில் சிதறி அங்கங்கே முளைக்கும். லேப்ராஸ்கோப்பியிலும் இடுக்கியால் கட்டியைப் பிடிப்பதில்லை. பைக்குள் போட்டுத்தான் வெளியே எடுக்கிறார்கள்.

பிறகு நுண்ணோக்கியின் முறை. 5 சதுர மில்லிமீட்டரில் எத்தனை செல்கள் பிளந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணுவார்கள். அறுவை மட்டுமே இருந்த காலத்துக் கணக்கு இது: 10 செ.மீ. தாண்டிய இரைப்பைக் கட்டியில் அந்த எண் 5க்குள் இருந்தால், நோய் முற்றியது நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு. 5ஐத் தாண்டினால் 86 பேருக்கு. கட்டி பெரிதா என்பதை மட்டும் கேட்டுக் கலங்குவது வீண்.

1998இல் ஜப்பானின் ஹிரோட்டா குழு, கெட்டுப்போன கிட் மரபணுவே பெரும்பாலான ஜிஸ்டுக்கு வேர் என்று காட்டியது. ஒருவகை ரத்தப் புற்றுக்கான இமாட்டினிப் மருந்து, அந்த மரபணு தரும் புரதத்தையும் அடக்கும். 2000இல் பின்லாந்தில், நோய் பரவிய ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள், கட்டிகள் சுருங்கின. இன்று ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அறுவைக்குப் பின் தினம் 400 மில்லிகிராம், 3 ஆண்டு.

விலை? காப்புரிமை வழக்கு நடந்த காலத்தில், இமாட்டினிபை உருவாக்கிய நோவார்ட்டிஸ் கம்பெனியின் மாத்திரைக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். இந்தியக் கம்பெனிகளுடையது அப்போதே பத்தாயிரத்துக்குள். இந்த மலிவுக்கு வழிவிட்டு, நோவார்ட்டிஸின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். வழக்கு 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது, மறுப்பு நிலைத்தது.

மூன்று ஆண்டு முடிந்து மாத்திரையை நிறுத்தியதும் சி.டி. ஸ்கேனை அடிக்கடி எடுக்கச் சொல்வார்கள். நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் அடுத்த சில வருடத்துக்குள்தான்.