ஓட்டத்துக்கு மூன்று நாள் இருக்கையில் பிள்ளையின் கால் வலித்தால்...



வருடம் பிறந்துவிட்டால் எமது பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகளின் ஆரவாரம் தொடங்கிவிடும். அதன் ஆரம்பமாகப் பெரும்பாலும் நடப்பது மரதன் ஓட்டம். உண்மையான மரதன் 42.195 கிலோ மீற்றர். எமது பிள்ளைகள் ஓடுவது அதில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் பதினொரு மாதம் கதிரையில் அமர்ந்திருந்த கால்களுக்கு அதுவே பெரும் பாரம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவம். லுஹர் தொழுகையில் எனது மாணவன் ஒருவன் இரண்டு ஸுஜூதுகளுக்கு இடையே அமர முடியாமல் முகத்தைச் சுளித்தான். தொழுது முடிந்ததும் விசாரித்தேன். "மௌலவி, மரதனுக்கு இன்னும் மூன்று நாள்தான். ஒரு வருடமாக ஓடவில்லை. அதனால் போன ஆறு நாளும் தொடர்ந்து ஓடினேன். இப்போது படியிறங்கவும் முடியவில்லை" என்றான். வீட்டில் உம்மா எண்ணெய் பூசி, பலங்கொண்ட மட்டும் அழுத்தித் தேய்த்துவிட்டிருந்தார். மறுநாள் வலி கூடிவிட்டது. நோவை ஓடித்தான் போக்க வேண்டும் என்று கூட்டாளிகள் வேறு சொல்லியிருந்தார்கள்.

அதே வகுப்பில் இன்னொரு பையனும் நொண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு காலில் மட்டும், முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி. இருவருக்கும் கால் வலிதான். ஆனால் ஒருவன் ஓடலாம், மற்றவன் ஓடவே கூடாது. இந்த வேறுபாட்டை முதலில் காணக்கூடியவர் வைத்தியரல்ல, பிள்ளையின் தாய்தான். அதற்காகவே இந்தக் கட்டுரை.

ஏன் வலிக்கிறது?

பழக்கமில்லாத ஓட்டத்தால், அதிலும் பள்ளம் இறங்கி ஓடுவதால், தசைநார்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. உடல் அவற்றைப் பழுதுபார்க்கும்போது தோன்றும் நோவும் இறுக்கமும்தான் இது. ஓடிய அன்றே இந்த வலி வராது. பெரும்பாலும் மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்துக்கு வந்து, ஒரு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். தசையில் அமிலம் தேங்கிவிட்டது என்று முன்னர் சொல்வார்கள். அது சரியல்ல. அந்த அமிலம் ஓடி முடித்த சிறிது நேரத்திலேயே இரத்தத்தோடு கலந்து அகன்றுவிடுகிறது.

எனவே சாதாரண நோவுக்கு மருந்து காலம்தான். மூன்று நாள் இருக்கையில் அந்தக் காலத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. கடைசி மூன்று நாளில் ஓடி எந்தப் பலமும் சேராது. இருக்கும் பலமும் குறையும்.

அந்த மூன்று நாட்களில் என்ன செய்யலாம்?

நீண்ட ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். ஆனால் பிள்ளையைப் படுக்கையில் போடவும் வேண்டாம். ஸுபஹுக்குப் பிறகோ அஸருக்குப் பிறகோ இருபது நிமிடம் மெதுவாக நடக்கட்டும். அசைவினால் இறுக்கம் சற்றுத் தளரும்.

இரவில் இளஞ்சூடான நீரில் குளிக்க வையுங்கள், அல்லது வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஆடுதசையிலும் தொடையிலும் பதினைந்து நிமிடம் வைத்தெடுங்கள். சூடு கையில் தாங்கக்கூடியதாக இருக்கட்டும். பிறகு வேண்டுமானால் எண்ணெய் பூசி, கீழிருந்து மேலாக மென்மையாகத் தடவிவிடலாம். பிள்ளை "ஊ" என்று கத்துமளவுக்கு அழுத்தாதீர்கள். ஏற்கெனவே சிதைந்த தசையை மேலும் சிதைப்பதாகவே அது முடியும்.

தசையைச் சூடாக்கிய பின் மெல்ல நீட்டலாம். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னே வைத்து, குதிகால் நிலத்தில் படிந்திருக்க முன்னே சாய வேண்டும். இருபது முப்பது வினாடி அப்படியே நின்று, இரண்டு மூன்று முறை செய்தால் போதும். துள்ளித் துள்ளி இழுக்கக் கூடாது. இதனால் நோவு முற்றாகப் போய்விடாது. இறுக்கம் கொஞ்சம் விடும், அவ்வளவுதான்.

ஓடும்போது திடீரென்று "சுரீர்" என்று பிடித்த வலியாக இருந்தால் கதை வேறு. அது தசை இழுபட்டதற்கு அடையாளம். முதல் இரண்டு நாளும் சூடும் வேண்டாம், தேய்ப்பும் வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தெடுத்து, காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

தூக்கத்தைப் பெரிதாக எண்ணுங்கள். தசை பழுதுபார்க்கப்படுவது தூக்கத்தில்தான். வளரும் பிள்ளைக்கு எட்டு மணி நேரமாவது தேவை. இஷா தொழுததும் கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். சோறு, இடியப்பம், பருப்பு, மீன், முட்டை என்று வழமையான உணவே போதும். ஓட்டத்துக்கு முந்திய இரவு புரியாணியும் வட்டிலாப்பமும் கொடுத்துப் பலமேற்ற நினைக்காதீர்கள். காலையில் ஓடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் பாணும் வாழைப்பழமும் போல இலகுவான ஏதாவது கொடுங்கள். தண்ணீரைக் கடைசி நேரத்தில் குடம் குடமாகக் குடிக்காமல், இரண்டு நாளைக்கு முன்பிருந்தே அளவாகக் குடித்து வரட்டும். சிறுநீர் வெளிர் நிறத்தில் போனால் போதுமான நீர் இருக்கிறது என்று அறியலாம்.

புதுச் சப்பாத்தை ஓட்டத்தன்று முதன்முதலாகப் போட வேண்டாம். கால் பழகிய பழைய சப்பாத்தே மேல்.

மாத்திரை கொடுத்து ஓட விடாதீர்கள்

வீட்டிலுள்ள டைக்குளோபினெக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுத்து ஓட அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். வியர்த்து நீர் குறையும் நேரத்தில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் தாக்கலாம். அதைவிட மோசமானது, வலி என்ற எச்சரிக்கையை அவை மறைத்துவிடுவது.

காலில் வலியோடு காய்ச்சலும் இருந்தால் அதை ஓட்டத்தின் நோவு என்று எண்ணிவிடாதீர்கள். எமது நாட்டில் டெங்கு உண்டு. எலிக்காய்ச்சலில் ஆடுதசை வலி ஒரு முக்கிய அடையாளம். டெங்கு இருக்கும்போது மேற்சொன்ன மாத்திரைகளையோ அஸ்பிரினையோ கொடுத்தால் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்துண்டு. காய்ச்சலுள்ள பிள்ளைக்கு ஓட்டமும் இல்லை, இந்த மாத்திரைகளும் இல்லை. உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

எந்தப் பிள்ளை ஓடக் கூடாது?

வலி இரு கால்களிலும் பரவலாக, தசையில் மட்டும் இருந்து, நாளுக்கு நாள் குறைந்து வந்தால் பயமில்லை. ஆனால் பின்வரும் அடையாளங்களில் ஒன்றாவது தென்பட்டால் ஓட்டத்தை விட்டுவிட்டு வைத்தியரை நாடுங்கள்:

ஒரே இடத்தில், அதுவும் எலும்பின் மேல் குத்தும் வலி, நொண்டி நடத்தல், வீக்கம் அல்லது கன்றிய நிறம், ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருத்தல், இரவில் ஓய்ந்திருக்கும்போதும் வலித்தல், பிளேன்டீ போன்ற கடும் நிறத்தில் சிறுநீர் போதல். கடைசியாகச் சொன்னது மிகவும் ஆபத்தானது. அளவுக்கு மீறிச் சிதைந்த தசை சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

ஓட்டத்தன்று காலையில் ஒரு சிறு சோதனை உண்டு. ஐந்து நிமிடம் நடந்து, ஐந்து நிமிடம் மெதுவாக ஓடட்டும். உடல் சூடேற வலி குறைந்து, நடை மாறாமல் இருந்தால் ஓடலாம். வலி கூடினால், அல்லது ஒரு காலைக் காத்துக்கொண்டு ஓடினால், அத்தோடு நிறுத்த வேண்டும். ஓட்டத்தின் நடுவே தசை பிடித்தால் நின்று, முழங்காலை நேராக்கி, கால் விரல்களைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தால் விட்டுப் போகும்.

வெயிலை மறக்க வேண்டாம்

2024 மார்ச் மாதத்தில் எமது கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்த செய்தியை நாம் கண்ணீரோடு வாசித்தோம். கடும் வெப்பத்தில் மாணவர்களை வெளிக்கள விளையாட்டில் ஈடுபடுத்த வேண்டாம் என்று அந்நாட்களில் கல்வி அமைச்சும் அறிவுறுத்தியது. தலைசுற்று, வாந்தி, பேச்சுத் தடுமாற்றம், உடல் கொதிப்பு ஆகியன தெரிந்தால் நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறி, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.

2024, 2025 ஆகிய ஆண்டுகளில் ரமழான் மார்ச் மாதத்தில் வந்தது. போட்டிக் காலமும் நோன்பும் சேர்ந்து வரும்போது நோன்பாளியான பிள்ளை வெயிலில் நெடுந்தூரம் ஓடுவதற்கு நாம் சம்மதிக்கலாகாது. பாடசாலையில் பேசி வேறு தினம் கேட்பதில் வெட்கமில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஓட்டம் வீண் விளையாட்டல்ல. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை நாம் அறிவோம். எனவே பெண் பிள்ளைகளும் மார்க்க வரம்பைப் பேணி, தகுந்த உடையோடும் தகுந்த இடத்திலும் ஓடிப் பழகுவதைத் தடுக்காதீர்கள்.

ஸலமா இப்னு அல்-அக்வஃ (ரலி) அவர்கள் மதீனாவுக்குத் திரும்பும் வழியில், எவராலும் வெல்லப்படாத ஓர் அன்ஸாரித் தோழரோடு ஓடிய வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஆரம்பத்திலேயே அவர் பாய்ந்து ஓடவில்லை. மூச்சைச் சேமித்துத் தன்னை அடக்கிக்கொண்டே ஓடி, இறுதியில்தான் முந்தினார். நெடுந்தூரம் ஓடும் பிள்ளைக்கு, அதிலும் கால் நோவோடு ஓடும் பிள்ளைக்கு, இதைவிடச் சிறந்த பாடம் வேறென்ன?

அதே வேளை, நடந்தே செல்வதாக நேர்ச்சை செய்து, இரு மகன்மாரின் தோளில் தாங்கி வந்த முதியவரை நபி (ஸல்) அவர்கள் வாகனத்தில் ஏறும்படி பணித்தார்கள். அவர் தன்னை வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்றும் விளக்கினார்கள். வணக்கத்திலேயே உடலை வதைக்க அனுமதியில்லை என்றால், ஒரு கிண்ணத்துக்காகவும் இல்லத்தின் புள்ளிக்காகவும் வதைக்கலாமா? உடலும் அமானிதம்தான். கால் மடக்கி அமர முடியாத பிள்ளை, வலி தீரும் வரை தன்னால் இயன்றவாறு அமர்ந்து தொழலாம். அதற்கும் மார்க்கம் இடம் தந்திருக்கிறது.

அந்த இரு மாணவர்களின் கதையையும் சொல்லி முடிக்கிறேன். முதலாமவன் மூன்று நாளும் ஓடாமல் நடந்தான், நன்றாகத் தூங்கினான். ஓட்டத்தன்று மெதுவாகத் தொடங்கி ஏழாவதாக வந்தான். மற்றவனின் உம்மா, இல்லத்தவர்கள் எல்லோரும் வற்புறுத்தியும் மகனை ஓட விடவில்லை. அவன் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வைத்தியர் பார்த்துவிட்டு, எலும்பு பழுதடையத் தொடங்கியிருக்கிறது, அன்று ஓடியிருந்தால் முறிந்திருக்கலாம் என்றார். ஆறு வாரம் ஓய்வெடுத்தான். அடுத்த வருடம் அவனும் ஓடினான்.

அன்னை ஹாஜர் (அலை) அவர்கள் தாகித்த பிள்ளைக்காக ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஓடினார்கள். இன்றும் ஹாஜிகள் அந்தத் தாயின் ஓட்டத்தை நினைவுகூர்ந்து ஏழு முறை சென்று, மூன்று கிலோ மீற்றருக்கு மேல் நடக்கிறார்கள். பிள்ளைக்காக ஓடுவது மட்டுமல்ல, சில வேளைகளில் பிள்ளையை ஓடாமல் நிறுத்துவதும் தாயின் கடமைதான். அந்த வேளையை அறியும் தெளிவையும், அழும் பிள்ளைக்கு முன் உறுதியாக நிற்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் உங்களுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.