நீரும் ஊரும் – 9: தண்ணீர்மலையில் தொடங்கும் ஆறு

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறாத பினாங்குத் தமிழர் குறைவு. அங்குள்ள கோயிலுக்குப் பக்கத்தில், தாவரவியல் பூங்காவை ஒட்டி விழும் அருவிதான் ஒரு காலத்தில் ஜார்ஜ்டவுனின் குடிநீர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செங்கல் வாய்க்கால் கட்டி அந்த நீரை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். துறைமுகத்துக்கு வந்த கப்பல்களும் அதைத்தான் நிரப்பிக்கொண்டு போயின. இன்றும் அருவிப் பகுதியில் எடுக்கும் நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்க்கு வருகிறது.

அதே அருவி நீர் ஆறாகக் கீழே இறங்கி, ஆயர் ஈத்தாம், டொண்டாங், ஜெலுத்தோங் ஆறுகளோடு கலந்து, சுங்கை பினாங்கு என்ற பெயரில் கடலில் விழுகிறது. சில கிலோமீட்டர்தான். மலையில் கூழாங்கல் தெரியும் நீர், முகத்துவாரத்துக்கு வருவதற்குள் கறுத்து நாறுகிறது. நாட்டிலேயே மோசமாக மாசுபட்ட ஆறுகளில் ஒன்று என்று பல ஆண்டுகள் பெயர் வாங்கிய ஆறு இது.

நடுவில் என்ன நடக்கிறது? நம் உணவுக்கடைகளின் பின்சந்துக்குப் போனால் தெரியும். பழைய கட்டடங்களில் கழிவறைக் குழாய் தனி. சமையலறை சிங்க் நீர் நேராக லோங்காங் எனப்படும் திறந்த சாக்கடையில் விழும். பிரட்டல் சட்டியைக் கழுவிய சுடுநீர், மீன்கறி மிச்சம், சோற்றுப் பருக்கை எல்லாம் அதில்தான். சூடாக இருக்கும்வரை எண்ணெய் ஓடும். ஆறியதும் வெள்ளையாய் உறைந்து சிமெண்டில் பிடித்துக்கொள்ளும். அடுத்த பெருமழை அதைப் பெயர்த்து ஆற்றில் சேர்க்கும். அங்கே பாக்டீரியாக்கள் அதைத் தின்று நீரிலிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும், நாற்றம் கிளம்பும்.

இதற்குத் தடை போடுவது கடினமல்ல. சிங்குக்கும் லோங்காங்குக்கும் இடையே கிரீஸ் டிராப் என்னும் பெட்டி வைத்தால் எண்ணெய் மேலே மிதந்து நின்றுவிடும், நீர் அடியில் போகும். ஆனால் பெட்டி நிறைந்ததும் அள்ள வேண்டும். அள்ளாத பெட்டி, இல்லாத பெட்டிக்குச் சமம். பெட்டியை வாங்கி வைத்துவிட்டுத் திறந்தே பார்க்காத கடைக்காரர்களிடம் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

நீரைச் சுத்தப்படுத்தவென்று 2009 ஆகஸ்ட் 8 அன்று பினாங்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான மண் உருண்டைகளை மக்கள் நீரில் எறிந்தார்கள். களிமண்ணோடு தவிடும் நுண்ணுயிர்க் கரைசலும் கலந்து பிடித்தவை. அழுக்கை அவை தின்னும் என்று நம்பிக்கை. குழந்தைகள்கூட உருண்டை பிடித்தார்கள். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் மேலே லோங்காங் ஓடிக்கொண்டே இருக்கும்போது கீழே எதை எறிந்தும் பயனில்லை என்பதே என் எண்ணம்.

தைப்பூசத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் நாளில் வழியெங்கும் தேங்காய் மலைமலையாய் உடைபடுகிறது. ஓட்டையும் பருப்பையும் கூட்டி அள்ளிவிடலாம். தேங்காய்த் தண்ணீரும் சிதறிய துருவலும் லோங்காங்கில் இறங்கிவிடும். அதுவும் எண்ணெயைப் போலவே ஆக்சிஜனைத் தின்னும் கழிவுதான். தண்ணீர்ப் பந்தல்களின் பிளாஸ்டிக் கோப்பைகள் வேறு. குறைத்து உடையுங்கள் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. அதன் தலைவராக நெடுங்காலம் இருந்து 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் தமிழ் மண்ணில் பிறந்தவர். வேண்டுகோள் வெளியாரிடமிருந்து வருவதாக யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

நேர்த்திக்கடனுக்கு ஒரு தேங்காய் போதும் என்று கோயில் மேடையிலிருந்தே சொல்லலாம். பந்தல் போடுகிறவர்கள் எவர்சில்வர் டம்ளருக்கு மாறலாம். கழுவ நாலு பேர் போதும். லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் சேர்ந்து, எண்ணெய்ப் பெட்டி அள்ள ஒரே ஆளை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு மாநகர் மன்றத்தின் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

அடுத்த வாரம்: பிறை தொழிற்பேட்டைக் கழிவை எதிர்த்து நின்ற குவாலா ஜூரு மீனவர்கள்.