ஒத்திப்போடுவது சிக்கனமல்ல

சிறிய காராகப் பார்த்து வாங்கி, கடன் அடைந்த பிறகும் பல ஆண்டு அதையே ஓட்டுகிறவர்தான் கார் விஷயத்தில் உண்மையாக மிச்சம் பிடிக்கிறவர். புதுக் காரின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில்தான் மளமளவென்று இறங்கும்; அந்த நஷ்டத்தைத் தாங்கியாயிற்று என்றால், அதன்பின் அது ஓடுகிற ஒவ்வோர் ஆண்டும் வரவுதான். தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். தகுதிச் சோதனையில் தேறினால் மேலும் 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். ஆனால் அத்தனை காலம் ஓட வேண்டிய வண்டிக்குச் செய்ய வேண்டிய செலவையும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர், தன் சிக்கனத்தின் வேரிலேயே வெந்நீர் ஊற்றுகிறார்.

பிரேக் பேடைப் பாருங்கள். பல கார்களில் அதன் ஓரமாக மெல்லிய தகடு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்து தீரும் கட்டத்தில் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அப்போதே மாற்றினால் செலவு பேடோடு போகும். ‘வண்டி நல்லாத்தானே நிக்குது’ என்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்து ஓட்டினால், பேடின் இரும்பு முதுகு டிஸ்க்கையே உழுதுவிடும். பிறகு இரண்டையும் மாற்ற வேண்டும். கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் இப்படித்தான்: துருவைத் தடுக்கும் மருந்து நீர்த்துப்போகும், உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் படிந்து அடைக்கும். ரப்பர் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்கள் பலவற்றில், அது ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும். பெல்ட்டோ அறுவதற்கு முன் பெரும்பாலும் சத்தம்கூடப் போடாது.

சர்வீஸுக்கு விட்டால் வேண்டாததையெல்லாம் பில்லில் ஏற்றுகிறார்களே என்பார்கள். நியாயமான புகார்தான். அதற்கு மருந்து சர்வீஸையே விடுவதல்ல; காரோடு வந்த கையேட்டைத் திறப்பது. எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மாதத்தில் எதை மாற்ற வேண்டும் என்ற அட்டவணை அதில் இருக்கிறது. அதில் உள்ளதற்குப் பணம் கொடுங்கள்; அதில் இல்லாத கோட்டிங், ஃப்ளஷ் வகையறாவுக்குக் காரணம் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கு விவரம் தெரிந்த உள்ளூர் மெக்கானிக்கே போதும்.

பழைய வண்டிக்கு இவ்வளவு செலவா என்பது அடுத்த கேள்வி. இங்கே ஒப்பிட வேண்டியது வண்டியின் விற்பனை விலையை அல்ல, அதற்கு மாற்றாக வாங்கும் காரின் தவணையை. 5 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டிக்கு 5 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 10,380 ரூபாய். 40,000 ரூபாய் ரிப்பேர் அதில் நான்கு மாதத் தவணைகூட இல்லை. அடிச்சட்டமே துருப்பிடித்துப் போன வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதை விட்டுவிடுவதே நல்லது. மற்றபடி, பராமரிப்பும் காரின் விலையில் ஒரு பகுதிதான். பெட்ரோலுக்குக் காசு இருந்து பிரேக்குக்கு இல்லையென்றால், நாம் நம் வசதிக்கு மீறிய காரை வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.