காலந் தாழ்த்தும் மழையும் இல்லக் காய்கறித் தோட்டமும்

வட இந்தியச் சமவெளியில் வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிடுவோர்க்குச் செப்டம்பர் இறுதியும் அக்டோபர் மாதமும் ஆண்டின் தலையாய காலமாகும். வெண்டையும் சுரையும் ஓய்ந்து, காலிபிளவர், பட்டாணி, காரட், முள்ளங்கி முதலிய குளிர்காலப் பயிர்களுக்கு நிலம் ஆயத்தமாக வேண்டிய தருணம் அது. அவ்வேளையில் மழை விலகாது நின்றுவிட்டால், பாத்தி சேறாகவே கிடக்கும். விதைப் பொட்டலங்கள் அலமாரியிலேயே காத்திருக்கும். இதனால் நேரும் இழப்பு தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. கொல்லையை மூழ்கடிக்கும் மழை சந்தைக்கு வரும் காய்கறியையும் அழிப்பதால், வீட்டில் விளைவு குன்றும் வாரத்திலேயே கடையிலும் விலை ஏறிவிடுகிறது. 2023 ஜூலையில் டில்லியில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்றதைப் பல குடும்பங்கள் இன்னும் மறந்திரா.

தென்மேற்குப் பருவமழை இராஜஸ்தானின் வடமேற்கு மூலையிலிருந்து விலகத் தொடங்கும் வழக்கமான நாள் முன்னர்ச் செப்டம்பர் 1 எனக் கொள்ளப்பட்டிருந்தது. 2020ஆம் ஆண்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதனைச் செப்டம்பர் 17 எனத் திருத்தி அமைத்தது. 2021இல் அக்டோபர் முதல் வாரம் கழிந்த பின்னரே டில்லியை விட்டு மழை நீங்கிற்று. 2022இலோ பருவமழை விடைபெற்ற பிறகும் அக்டோபரில் கனமழை கொட்டியது. ஆகவே, பழைய விதைப்பு அட்டவணையை நாள் பிசகாமல் பின்பற்றுவதைக் காட்டிலும், மழை தாமதிக்கும் என எதிர்பார்த்தே தோட்டத்தை வகுப்பது அறிவுடைமை.

மழை சற்று விட்டதும் மண்வெட்டியுடன் பாத்தியில் இறங்குவதே பலரும் செய்யும் முதல் தவறு. ஈர மண்ணின் நுண்துளைகளில் காற்றுக்குப் பதிலாக நீர் நிரம்பியிருக்கிறது. முளைக்கும் விதைக்குப் பிராணவாயு இன்றியமையாதது. அது கிட்டாத விதை முளைக்காமல் அழுகிப் போகிறது. மேலும், ஈர மண்ணை மிதித்தாலும் கிளறினாலும் துளைகள் நசுங்கிவிடும். காய்ந்த பின் அது கல்போன்ற கட்டியாக இறுகும். அவ்வாறு கெட்ட பாத்தி அப்பருவம் முழுவதும் தேறுவது அரிது. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்தல் வேண்டும். உருண்டை பொலபொலவென உதிருமாயின் நிலம் பதமாகிவிட்டது. அப்படியே ஒட்டிக் கிடந்தால் இன்னும் இரண்டொரு நாள் பொறுத்தல் வேண்டும். பஞ்சாப், ஹரியானா உழவர்கள் இப்பதத்தை ‘வத்தர்’ என்பர். நாட்காட்டியைவிட அவர்கள் நம்புவது அதனையே.

காத்திருக்கும் நாட்கள் வீணாக வேண்டுவதில்லை. நாற்றங்காலை மழைக்குத் தப்பவைப்பதே இக்காலத்தின் முதன்மையான பணி. தரைமட்டத்துக்கு மேல் சுமார் 15 சென்டிமீட்டர் உயர்த்தி, ஒரு மீட்டர் அகலத்தில் மேட்டுப் பாத்தி அமைத்தால் நீர் தங்காது. மூங்கில் பிளாச்சுகளை வளைத்து நட்டு, மழை பெய்யும் வேளையில் மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடலாம். மழை நின்றதும் தாளை அகற்றிவிட வேண்டும். இதில் சோம்பல் கூடாது. மூடியே கிடக்கும் பாத்தியில் புழுக்கம் மிகுந்து, நாற்றுகளின் அடித்தண்டு மண்ணையொட்டி மெலிந்து சாய்ந்துவிடும். பித்தியம் முதலிய பூசணங்கள் விளைவிக்கும் இந்நாற்றழுகல் நோய் ஓரிரவிலேயே பாத்தியின் பெரும் பகுதியை வீழ்த்தக் கூடியது. விதையை நெருக்கமாகத் தூவாமை, வரிசையில் விதைத்தல், பூவாளியால் காலையில் மட்டும் நீர் தெளித்தல், டிரைகோடெர்மாவை விதையுடன் கலந்து விதைத்தல் ஆகியன தக்க காப்பாகும். கொல்லை இல்லாதோர் அகன்ற மண்சட்டியிலோ அடியில் துளையிட்ட மரப்பெட்டியிலோ நாற்று வளர்த்து, மழை வரும்போது தாழ்வாரத்தில் எடுத்து வைக்கலாம். இல்லத் தோட்டக்காரர்க்கு வாய்த்த இவ்வசதி ஏக்கர்க்கணக்கில் பயிரிடும் உழவர்க்கு இல்லை.

நாற்று தயாராகியும் நிலம் தயாராகாத நிலையில்தான் காலிபிளவர் பெருஞ்சோதனையாகிறது. 1822இல் சகாரன்பூர்த் தாவரத் தோட்டத்தின் வழியாக இந்நாட்டுக்கு வந்ததாகக் கூறப்படும் இப்பயிர், வெப்பநிலைக்கு மிகவும் கட்டுப்பட்டது. முன்பருவ வகைகள் 20 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே பூக்கட்டும். பூசா ஸ்நோபால் போன்ற பின்பருவ வகைகளுக்குச் சற்றேறக்குறைய 10 முதல் 16 டிகிரி வரையுள்ள குளிர் தேவை. முன்பருவ விதையைத் தாமதித்து இட்டால், செடி வளருமுன்பே குளிர் தாக்கி, பொத்தான் அளவில் பூத்து நின்றுவிடும். எனவே, செப்டம்பர் பிற்பகுதி வரை விதைப்பு தள்ளிப் போயிருந்தால், கையிருப்பில் உள்ள முன்பருவ விதையை, வாங்கிய காசைப் பாராது, ஒதுக்கிவிட்டுப் பின்பருவ வகையையே நாடுதல் வேண்டும். ஆறு வாரத்துக்கு மேல் முற்றிய நாற்றும் இவ்வாறே பொத்தான் பூவைத் தரும். நான்கு வார நாற்றுகளை வேறொரு மேட்டுப் பாத்தியில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் பெயர்த்து நட்டு வைத்தால், வேர் நெருக்கமின்றிச் சில நாட்கள் தாக்குப் பிடிக்கலாம்.

எல்லாப் பயிர்க்கும் தாமதம் கேடன்று. பட்டாணியை வெப்பம் தணியாத மண்ணில் அவசரப்பட்டு விதைத்தால் வேரழுகலும் வாடலும் காண்கின்றன. நவம்பர் நடுப்பகுதி வரை அதற்கு இடமுண்டு. செந்நிற நாட்டுக் காரட்டின் பருவம் கடந்துவிட்டால், குளிரை விரும்பும் நான்டிஸ் வகையை அக்டோபரிலும் நவம்பரிலும் விதைக்கலாம். வெங்காய நாற்றை நடுவதற்கு டிசம்பர், ஜனவரி வரை பொழுதிருக்கிறது. பாலக்கும் வெந்தயக் கீரையும் ஒரு மாதத்தில் அறுவடைக்கு வருவன. சேறு உலர்ந்த முதல் பாத்தியை அவற்றுக்கே ஒதுக்கினால் அடுக்களைக்கு விரைவில் கீரை கிடைக்கும். உருளைக்கிழங்கைப் பற்றி மட்டும் அத்துணை உறுதி கூற இயலாது. நடவு பிந்தினால் கிழங்கு பருக்கும் நாட்கள் குறைவதோடு, பின்பருவக் கருகல் நோய்க்கும் பயிர் ஆளாகும். சிறிய கொல்லையில் அவ்வாண்டு அதை விட்டுவிடுவதே நன்று.

பெருமழைக்குப் பின் எஞ்சிய செடிகளின் இலை மஞ்சளித்தால், தழைச்சத்து நீரில் கரைந்து கீழிறங்கியிருக்கக் கூடும். நீர் வடிந்த பின்னரே உரமிடல் வேண்டும். மூச்சுத் திணறும் வேருக்கு எருவால் பயனில்லை.

பிந்தி நட்ட தக்காளி, காய்பிடிக்கும் முன்பே டிசம்பர்க் குளிரில் அகப்படும். இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழ் இறங்கினால் பூ உதிரும். வடமேற்குப் பக்கத்தில் வைக்கோல் தட்டி நிறுத்திக் குளிர்காற்றைத் தடுத்து, உறைபனி எதிர்பார்க்கும் மாலையில் மெல்ல நீர் பாய்ச்சினால், பெரும்பாலான செடிகள் பிப்ரவரி வரை தாங்கும். வெயில் ஏறியதும் அவை மீண்டும் பூக்கும்.